வாளுக்கு முன் தராசு: வரலாற்றை நடித்துக் காட்ட நம்மவர் எங்கே தொடங்கலாம்?

கடந்த 2025 ஜூலை 27 ஆம் தேதி தமிழகத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பு ஆயிரமாண்டு விழா நடந்தது. இந்தியப் பிரதமரே கலந்துகொண்டார். அதற்கு முன்பே ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வந்து, நம் இளைஞர்களுக்குச் சோழர் மீது தனி மோகம் பிறந்துவிட்டது. லாபிஸ் போன்ற சிறு பட்டணத்தில்கூட, “நாமும் சோழர் காலத்தை நடித்துக் காட்டலாமே” என்று யாராவது கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆசைதான். ஆனால் எங்கே தொடங்குவது?

மேலைநாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. 1966 இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சில நண்பர்கள் ஒரு வீட்டுக் கொல்லையில் தொடங்கிய கூட்டம், இன்று பல நாடுகளில் கிளை விட்ட சங்கமாகியிருக்கிறது. 17 ஆம் நூற்றாண்டுக்கு முந்திய உடை, சமையல், இசை, வாள்வீச்சு எல்லாவற்றையும் கற்றுச் செய்து பார்ப்பார்கள். புதிதாக வருபவரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது, அந்தக் காலத்து உடை போல ஒன்றை உடுத்த ஒரு நேர்மையான முயற்சி மட்டுமே. மற்றவை போகப் போக வரும்.

இதை நாம் அப்படியே பின்பற்றலாம். ஆனால் எந்தக் காட்சியை நடிப்பது என்பதில் நிதானம் தேவை. 1025 இல் ராஜேந்திரன் படை தாக்கிய கடாரம் இன்றைய கெடா. நாம் படையெடுத்து வந்தவராக வேடமிட்டு மேடையேறினால், பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? ‘வந்தேறிகள்’ என்ற சொல்லைக் கேட்டு மனம் நொந்த சமூகம் நாம். வெற்றி முழக்கத்தோடு அறிமுகமாவது நமக்கு நன்மை செய்யாது.

உண்மையில் அந்தப் படையெடுப்புக்கு முன்பும் பின்பும் நடந்தது பெரும்பாலும் வணிகம். கடார அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கினான். 1088 இல் சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு கல்வெட்டு பொறித்தது. தமிழர் இந்தக் கரைகளில் நின்று நிலைத்தது தராசைப் பிடித்துத்தான்.

லாபிஸ்காரர்களுக்கு இன்னும் அருகில் ஒரு மேடை இருக்கிறது, மலாக்கா. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். சுல்தான்கள் காலத்தில் அங்கே வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர் பொறுப்பில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களும் இருந்தனர். துணி வந்தது, கிராம்பும் ஜாதிக்காயும் போயின. 1511 இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தபின், நைனா சத்து என்ற இந்து வணிகரைப் பெண்டஹாரா ஆக்கினர். முன்பே சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர் அவர். அவர் செய்தது சரியா? இப்படிச் சங்கடமான கேள்விகளையும் மறைக்காமல் நடிக்கும்போதுதான் அது வரலாறு. இல்லையென்றால் வெறும் மாறுவேடப் போட்டி.

ஆகவே முதல் அடி சிறிதாக இருக்கட்டும். போர்க்களம் வேண்டாம், ஒரு பழைய சந்தைக் காட்சி போதும். பளபளக்கும் சரிகை வேண்டாம். தைக்காத பருத்தி வேட்டி, மேல்துண்டு போதும். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களையும் செப்புச் சிலைகளையும் பார்த்தால் உடுத்தும் விதம் புரியும். சமைத்தால் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது. இவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்பாடு வந்தவை. மிளகும் புளியும் போட்ட குழம்பைப் பிள்ளைகள் ருசித்துப் பார்த்தால், ஒரு பாட நூல் சொல்லாததை நாக்கே சொல்லிவிடும்.

வாள், கத்தி விஷயத்தில் கவனம் தேவை. பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகலாம். வீரம் காட்டத்தான் வேண்டும் என்றால் சிலம்பம் இருக்கிறது. ஆசானிடம் முறையாகப் பயிலட்டும்.

இன்னொன்று. மலாக்கா செட்டிகள் அந்த வணிகர்களின் வழித்தோன்றல்கள். மலாய் பேசி, இந்து சமயத்தை விடாமல் காஜா பேராங்கில் வாழ்கிறார்கள். அவர்களைப் போல வேடமிடுவதற்கு முன் அவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். கூடவே மலாய், சீன நண்பர்களையும் சந்தைக்கு அழைக்கலாம். மலாக்காவில் எல்லாருமே இருந்தார்கள்.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். சோழர் கப்பலில் வந்தவர்கள் அல்லர். அதில் குறைவு ஒன்றுமில்லை. சோழர் காலச் சந்தையை நடித்துப் பழகிய பிள்ளைகள், ஒரு நாள் பால் மரம் வெட்டிய பாட்டியின் காலை நேரத்தையும் அதே அக்கறையோடு நடித்துக் காட்டினால், இந்த முயற்சி வீண்போகவில்லை என்று சொல்லலாம்.