தேதியை எழுத்தாகச் சேமிக்காதீர்கள்

எண்ணூர் கடலில் நடந்தவற்றைத் தேதிவாரியாகத் தேட ஒரு வலைத்தளம் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 28-01-2017: காமராஜர் துறைமுகம் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. 04-12-2023: மிக்ஜாம் புயல் வெள்ளம், அதையொட்டி எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது.

இந்தத் தேதிகளை வெறும் எழுத்தாகத் தரவுத்தளத்தில் போட்டால் என்ன ஆகும்? வரிசைப்படுத்தச் சொன்னால் அது இடது ஓரத்து இலக்கத்தைத்தான் முதலில் பார்க்கும். 0 முன்னே, 2 பின்னே. ஆக, 2023 வெள்ளம் 2017 விபத்துக்கு முன்னால் வந்து நிற்கும்! தேதிக்கென்றே இருக்கும் ‘டேட்’ வகையில் 2017-01-28 என்று சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது நேரம். கப்பல்கள் மோதியது அதிகாலை 4 மணி வாக்கில். சர்வர் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடினால், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்; அங்கே அது இன்னும் 27-ஆம் தேதி இரவு. நம் நேரத்துக்கு மாற்றாமல் காட்டினால் விபத்து நடந்த நாளே மாறிப்போகும்.

தேடலிலும் ஒரு பள்ளம் உண்டு. தேதியோடு நேரமும் சேமித்திருக்கும்போது ‘ஜனவரி 31 வரை’ என்று கேட்டால், 31 பிறக்கும் நள்ளிரவோடு தேடல் நின்றுவிடும். அன்றைய பகல் முழுக்க விடுபடும். ‘பிப்ரவரி 1-க்கு முன்’ என்று கேட்பதே சரி.

இதெல்லாம் புரோகிராமர் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. எண்ணெய் படிந்த வலைக்கு நிவாரணம் கேட்கும் மீனவர், எந்த நாளில் நடந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதிவு இருந்தும் தேடலில் சிக்காவிட்டால், அவரைப் பொறுத்தவரை அப்படி ஒரு பதிவே இல்லை.