மரக்காலை மாற்றும் கனவான்கள்

களத்துமேட்டில் நெல் அளப்பதைக் கண்டவர்கள் நாம். கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க வேறொரு மரக்கால். கேட்டால், "அளவு என்றால் அளவுதான்" என்பார் மிராசுதார். மரக்கால் அவருடையது, அளக்கும் கை அவருடையது, கணக்குப்பிள்ளையும் அவருடைய ஆள். பிறகு நியாயம் யாருடையதாக இருக்கும்?

இந்த மரக்கால் வித்தை களத்துமேட்டோடு நிற்கவில்லை, தோழர்களே! உலக விளையாட்டு மைதானத்திலும் அது நடக்கிறது. அங்கே அளக்கப்பட்டது நெல் அல்ல. ஒரு நெசவாளி மகளின் உடல்!

ஒடிசாவில் ஜாஜ்பூர் ஜில்லா சாகா கோபால்பூர் கிராமத்தில் 1996ல் பிறந்தவர் டூட்டி சந்த். தாயும் தந்தையும் கைத்தறி நெசவாளர்கள். ஏழு பிள்ளைகள். தறிக்காரன் வீட்டில் ஏழு வயிறு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அக்காள் சரஸ்வதி ஓட்டக்காரி. அவர் பின்னால் பிராமணி ஆற்றங்கரையில் வெறுங்காலோடு ஓடி ஓட்டம் பழகியவர் டூட்டி.

2012ல், 16 வயதில், 100 மீட்டரை 11.8 விநாடியில் ஓடி 18 வயதுக்குட்பட்டோரில் தேசிய வெற்றி பெற்றார். 2013ல் புனாவில் நடந்த ஆசியப் போட்டியில் 200 மீட்டரில் வெண்கலம். 2014 ஜூனில் தைபேயில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இரண்டு தங்கம். அடுத்த மாதம் கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி.

வெண்ணெய் திரண்டு வரும் வேளையில் தாழியை உடைத்தார்கள். டெல்லிக்கு வரவழைத்தார்கள், வைத்தியச் சோதனைகள் செய்தார்கள். எதற்கென்று தனக்கு விளங்கச் சொல்லவில்லை என்று அவரே பின்னர் கூறினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு நீர், பெண்ணுக்கு வைத்த வரம்புக்கு மேல் அவர் உடலில் இயற்கையாகவே சுரக்கிறதாம்! ஆகவே ஓடக்கூடாதாம்! அதிகாரிகள் பெயர் குறிக்காமல்தான் அறிக்கை விட்டார்கள். ஆனால் அது யாரென்று நாடே அறிந்துகொண்டது. 18 வயதுப் பெண், தான் பெண்தானா என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அவர் திருடினாரா? பொய் சொன்னாரா? மருந்து தின்றாரா? எதுவும் இல்லை. பிறந்தபடி பிறந்ததே குற்றம்!

ஓட வேண்டுமானால் மருந்து தின்று சுரப்பைக் குறைக்க வேண்டும், அல்லது கத்திக்கு உடம்பைக் கொடுக்க வேண்டும். நாம் மிகைப்படுத்தவில்லை. வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்தும் மலைப்பகுதிகளிலிருந்தும் வந்த, 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளுக்கு அறுவை செய்ததை பிரெஞ்சு வைத்தியர்களே 2013ல் வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள். அகற்றிய உறுப்புகளால் அந்தப் பெண்களின் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார்கள். நோயில்லாத உடம்பில் கத்தி எதற்கு? பந்தயத்தில் அனுமதி பெறுவதற்கு!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். டூட்டி ஏற்றிக் காட்டினார். மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கனடா வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது: ஒரு பெண்ணை விலக்கிவைக்கும் அளவுக்கு அந்தச் சுரப்பு ஆதாயம் தருகிறது என்பதற்குச் சம்மேளனம் போதிய ஆதாரம் காட்டவில்லை, விதி நிறுத்திவைக்கப்படுகிறது!

2016ல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடினார். 1980ல் மாஸ்கோவில் பி.டி. உஷா ஓடியதற்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து அந்தப் பந்தயத்தில் நின்ற இந்தியப் பெண் இவர்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி. 2021ல் 11.17 விநாடியில் தேசிய சாதனை. ஜகார்த்தா பதக்கங்களுக்காக ஒடிசா சர்க்கார் 3 கோடி ரூபாய் பரிசளித்தது. கொடுத்தது நல்லது. ஆனால் பதக்கம் வாங்காத நெசவாளி மகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

"போட்டியில் சமநீதி வேண்டாமா?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். வேண்டும்! பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மாந்திரந்தாவின் கதையைப் பாருங்கள். பிறவியிலேயே அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுதி; அதனால் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியும் மிகுதி. 1960 முதல் 1968 வரை ஒலிம்பிக்கில் ஏழு பதக்கம் வென்றார். அவற்றில் மூன்று தங்கம். பிறவிக் காரணம் பின்னாளில் கண்டறியப்பட்டது. யாரும் அவர் பதக்கத்தைப் பறிக்கவில்லை. நியாயம்தான். அப்படியானால் பிறவி வரம் அவருக்குப் பெருமை, டூட்டிக்கு மட்டும் குற்றமா?

நம் புதுக்கோட்டைச் சீமையின் செங்கல் சூளைத் தொழிலாளி மகள் சாந்தி சவுந்தரராஜனை மறந்துவிட்டோமா? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பெண்மைச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். பின்னர் அவரும் சூளையில் கல் அறுக்கப் போனார்.

இந்த மரக்கால் எத்தனை முறை மாறியது, பாருங்கள். 1968 ஒலிம்பிக் முதல் பெண்களின் குரோமோசோமைச் சோதித்தார்கள். பயனில்லை என்று 1999ல் கைவிட்டார்கள். 2011ல் சுரப்புக்கு வரம்பு 10 என்றார்கள். 2018ல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களுக்கு மட்டும் 5 என்றார்கள். 2023ல் எல்லாப் பந்தயங்களுக்கும் இரண்டரை என்றார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் மீண்டும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். அந்த மரபணுவைக் கண்டறிந்த விஞ்ஞானிகளில் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேரே, பெண் யார் என்று தீர்மானிக்க இது தகுந்த சோதனை அல்ல என்று எழுதினார். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் விஞ்ஞானி சொல்வதைக் கேட்கவில்லை!

இன்னொன்றையும் நாம் மறைக்கப் போவதில்லை. 2022 டிசம்பரில் எடுத்த மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக, 2023 ஜனவரி 3 முதல் டூட்டிக்கு நான்காண்டுத் தடை விதித்தார்கள். தெரியாமல் நேர்ந்தது என்றார் அவர். விசாரணைக் குழு ஏற்கவில்லை. மருந்து விதி எல்லோருக்கும் பொது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், "பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னோமே!" என்று இதைக் காட்டி 2014ன் அநீதிக்கு வெள்ளையடிக்க வருகிறவர்களை விடமாட்டோம். வெளியிலிருந்து உட்கொண்ட மருந்து வேறு. தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த உடல் வேறு. முன்னது விதிமீறல். பின்னதைக் குற்றமென்பது கொடுமை.

நாம் கேட்பது அதிகமில்லை. எந்தச் சோதனையானாலும் அந்தப் பெண்ணின் மொழியில், அவளுக்கு விளங்கும்படி முதலில் சொல்ல வேண்டும். முடிவு ரகசியமாக இருக்க வேண்டும். நோயில்லாத உடம்பில் கத்தி வைக்கக்கூடாது. அவள் பக்கம் வாதாட வழக்கறிஞரைச் சம்மேளனத்தின் செலவிலேயே தரவேண்டும். விதி செய்யும் சபையில், ஓடுகிறவர்களும் உட்கார வேண்டும்.

ஆற்றங்கரையிலும் கண்மாய்க்கரையிலும் இன்றும் நம் பெண்கள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். அவர்களுக்குச் செருப்பு தராத கனவான்கள் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். களத்துமேட்டில் கள்ள மரக்காலைப் பிடுங்கி எறிந்தவர்கள் நாம். இந்த மரக்காலையும் கேள்வி கேட்போம்!