நெல்லிக்கனியும் மாத்திரையும்

உண்டாரை நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த செய்தியைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். அக்கொடை போற்றற்குரியது. ஆயினும், அக்கனியைப் பற்றி இந்நாளில் நம் மதுரையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் சிலரிடை வழங்கும் ஓர் எண்ணத்தை ஆராயாது விடுதல் தகாதென்பது எம் கருத்து. நாள்தோறும் நெல்லிச்சாறு பருகுவாரைப் பக்கவாதம் அணுகாது என்பதும், ஆதலின் அவர்க்கு இரத்த அழுத்த மாத்திரை வேண்டுவதில்லை என்பதுமே அவ்வெண்ணம். இதன் முற்பகுதி சிறிது உண்மையும் பெரிது மிகையும் கலந்தது. பிற்பகுதியோ உயிர்க்கே இறுதி பயப்பது.

உண்மையை முதலிற் கூறுவாம். அரிந்து வைத்த கத்தரிக்காய் சிறிது போழ்தில் கறுத்துவிடுகின்றது. எலுமிச்சைச்சாறு பட்டால் அக்கறுப்புத் தடைப்படுகின்றது. காற்றிலுள்ள பிராணவாயுவின் செயலே அது. உயிர்க்கு ஆதாரமான அவ்வாயுவே நம் உடலகத்தும் கேடு பயக்கும் சில பொருள்களைத் தோற்றுவிக்கின்றது; அவை குருதிக்குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கின்றன. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடினும் வெடிப்பினும் விளைவது பக்கவாதம். இச்சிதைவைத் தடுக்கவல்ல பொருள்கள் தாவரங்களில் நிரம்ப உள. நெல்லியிலுள்ள வைட்டமின் சி, நாவற்கனிக்குக் கருநீலம் ஊட்டும் சாயம், முருங்கைக்கீரையிலுள்ள கரோட்டின் ஆகியன அத்தகையனவே. அவற்றைத் தனியே பிரித்து மாத்திரையாக உண்டால் நோயே அணுகாதன்றோ என மேனாட்டு அறிஞர் பலர் கருதினர்.

கருதியதோடு அமையாது சோதித்தும் பார்த்தனர். பின்லாந்து நாட்டிற் புகைபிடிக்கும் ஆடவர்க்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1994-ல் வெளிவந்தது. நுரையீரற் புற்று குறைவதற்கு மாறாக மிகுந்தது. அமெரிக்க மருத்துவர் 14,641 பேரைக் கொண்டு ஏறத்தாழ 8 ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2008-ல் வெளிவந்தது. வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. வைட்டமின் ஈ உண்டவரிடை மூளையிற் குருதி கசியும் வகைப் பக்கவாதம் சற்று மிகுதியாகவும் காணப்பட்டது. கனி வேறு, கனியினின்று பிரித்தெடுத்த சத்து வேறு என்பது இதனாற் போதரும்.

அங்ஙனமாயின் கனியாற் பயனில்லையோ எனின், உண்டு. 1997-ல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில், 459 பேருள் காய்கனி மிகுந்த உணவை உண்டவர்க்கு இரத்த அழுத்தம் சிறிது தாழ்ந்தது. கொழுப்புக் குறைந்த பாலுணவும் உடன் சேர்ந்தபோது மேலும் தாழ்ந்தது. காய்கனிகளிலுள்ள பொட்டாசியம் உப்பின் தீமையை ஓரளவு மாற்றவல்லது. நாமோ அந்நெல்லியையே உப்புநீரில் ஊறவைத்து உண்கின்றோம்! நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவாகவே உப்புக் கொள்ளவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகிய இவற்றை நாள்தோறும் விரும்பும் நம்மவர் இவ்வெல்லையுள் நிற்றல் அரிதினும் அரிது.

பக்கவாதத்திற்கு ஏதுவானவற்றுள் இரத்த அழுத்தமே தலையாயது என்பது இந்தியா உள்ளிட்ட 32 நாடுகளில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சியாலும் தெளிவாயிற்று. அது வலியின்றி வளர்வது. வலியின்மையாலேயே மாத்திரையை நிறுத்தத் தூண்டுவது. நெல்லிச்சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்திய தந்தை ஒருநாட் காலை கைகால் விளங்காது கிடப்பின், அக்குடும்பத்திற்கு உழுவார் யார்? பிள்ளைகளைப் படிக்கவைப்பார் யார்? 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இம்மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. அவற்றை வாங்கிப் பரண்மேல் வைத்தல் அறிவுடைமை ஆகுமோ?

மாணவ நண்பர்காள்! மேலூர்க்கும் உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்திற்கும் விடுமுறையிற் செல்லும் நாம் வீட்டாரிடம் சொல்லவேண்டுவன சிலவே. நெல்லியும் கீரையும் உண்க, உப்பைக் குறைக்க, புகையிலையை விடுக, மருத்துவர் கூறாது மாத்திரையை நிறுத்தற்க. முகம் ஒருபுறம் கோணினும், கை தளரினும், பேச்சுக் குழறினும் கைவைத்தியம் பாராது 108-ஐ அழைக்க. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். நெல்லி நல்ல உணவு. அதனை மருந்தின் இருக்கையில் அமர்த்துதலே பிழை.