எல்லா வயித்துக்கும் ஒரே அளவு கிடையாது

"வயிறு சரியில்லைங்க" என்று நம் இயற்கைச் சந்தைக்கு ஒருவர் வந்து நின்றால் போதும். "நாளையிலேர்ந்து அரிசியை நிறுத்துங்க, மூணு வேளையும் சிறுதானியம்தான்" என்று பையை நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த வாரம் அவரே வந்து, "வயிறு உப்பிப்போச்சு, வலி தாங்கலை" என்றால் நம்மிடம் பதில் இல்லை.

வந்தவருக்கு ஐ.பி.எஸ். என்கிற குடல் தொல்லை இருக்கலாம். சோதித்துப் பார்த்தால் குடலில் புண், கட்டி எதுவும் இருக்காது. ஆனால் வயிற்றுவலி, உப்புசம் விடாது. சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குப் பேதி, சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும்.

இவர்களுக்கு நார்ச்சத்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஒரே நாளில் இதிலிருந்து அதற்குத் தாவினால் குடல் என்ன செய்யும்? ரசாயனத்திலிருந்து மாற மண்ணுக்கே இரண்டு மூன்று வருஷம் கொடுக்கிறோம். குடலுக்குச் சில வாரமாவது கொடுக்க வேண்டாமா?

நாரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரில் ஊறிக் கூழாகும். மற்றது தவிடு மாதிரி, கரையாமல் சக்கையாகப் போகும். 2009-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், ஐ.பி.எஸ். உள்ள 275 பேருக்கு 12 வாரம் ஒரு குழுவுக்கு இசப்கோல், இன்னொன்றுக்குத் தவிடு, மூன்றாவதற்கு வெறும் அரிசி மாவு கொடுத்துப் பார்த்தார்கள். இசப்கோலில்தான் தொல்லை குறைந்தது. தவிட்டுக் குழுவில்தான் அதிகம் பேர் பாதியில் நிறுத்தினார்கள். உபாதை கூடியதே முக்கியக் காரணம். அந்த இசப்கோலும் குஜராத், ராஜஸ்தான் உழவர்கள் விளைவிப்பதுதான்.

அதனால் இனி இப்படிச் சொல்லுவோம்: "ஒரு வேளையில தொடங்குங்க. நல்லா குழைய வேகவச்சுக் கஞ்சியா குடிங்க. தண்ணி நிறைய குடிங்க. வயிறு ஒத்துக்கிட்டா அடுத்த வேளைக்குப் போங்க. பயறு, வெங்காயம், பூண்டு சிலருக்கு வாயுவைக் கூட்டும். எது ஒத்துக்கலைன்னு குறிச்சு வைங்க." மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை என்றால் கஞ்சி சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம்.

உணவே மருந்து என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மருந்து என்றால் ஆளுக்கு ஏற்ற அளவும் உண்டுதானே? அதைச் சொல்லி விற்றால் அன்றைக்கு ஒன்றிரண்டு கிலோ குறையலாம். வாங்கியவர் நம்மை நம்பித் திரும்ப வருவார்.