பூட்டு வட்டில் இல்லை

இந்தக் கட்டுரையை என் தவற்றை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

நான் நான்காம் படிவத்தில் படித்தபோது எங்கள் நடனப் பள்ளியின் ஆண்டு விழாவை, கிள்ளானில் சின்னக் கடை வைத்திருந்த ஓர் அண்ணன் படம் பிடித்தார். பள்ளி அவருக்குச் சம்பளம் எதுவும் தரவில்லை. சொந்தச் செலவில் படம் பிடித்து, எடிட் செய்து, ஒரு டிவிடியை 25 வெள்ளிக்கு விற்றுக்கொள்வதாக ஏற்பாடு. மேடையேறியவர்கள் 40 பேர். விற்றது 9 டிவிடிதான். ஆனால் எல்லார் வீட்டிலும் அந்தப் படம் ஓடியது. அவற்றில் மூன்று வீடுகளுக்கு நகலெடுத்துக் கொடுத்தவள் நான்.

மறு ஆண்டு அவரைக் கூப்பிட்டோம். "கட்டுப்படியாகலம்மா" என்று சொல்லிவிட்டார். என் தங்கை முதன்முதலாக மேடையேறியது அந்த ஆண்டுதான். இன்று எங்களிடம் இருப்பதெல்லாம் முன்வரிசைத் தலைகளுக்கு நடுவே கைப்பேசியில் எடுத்த நான்கு நிமிடக் காட்சி மட்டுமே.

"வட்டுக்கு அவர் பூட்டுப் போட்டிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். பெரிய நிறுவனங்களே அதில் தோற்றுவிட்டன. திரைப்பட டிவிடிகளுக்கு 1996 முதல் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருந்தது. 1999இல் அதைத் திறக்கும் மென்பொருள் இணையத்தில் பரவியது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர் நார்வே நாட்டைச் சேர்ந்த 15 வயது மாணவர். சின்னக் கடைக்காரருக்கோ அந்தப் பூட்டுகூடக் கிடையாது. கடையில் வாங்கும் சாதாரண காலி டிவிடியில், அதன் சாவி பதிய வேண்டிய இடத்தில் நாம் எதையும் எழுத முடியாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் படைப்புக்கு உரிமை உண்டு. ஆனால் 25 வெள்ளி வட்டுக்காக யார் வழக்கறிஞரைத் தேடிப் போவார்? 2007இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு மோப்ப நாய்களை இங்கே கொண்டுவந்து கள்ள டிவிடிகளைத் தேடினார்கள். வட்டு செய்யப்பட்ட பிளாஸ்டிக்கின் வாசனையை அவை கண்டுபிடித்துவிடும். ஆனால் எது அசல், எது நகல் என்று அவற்றால் சொல்ல முடியாது. அந்த வித்தியாசம் மனிதனுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

அப்படியானால் சிறு வியாபாரி என்ன செய்யலாம்? விழாவுக்கு முன்பே பணத்தோடு முன்பதிவு வாங்கலாம். வாங்குபவரின் பெயரைப் படத்தின் ஓரத்திலேயே பதிக்கலாம். தன் பெயர் தெரியும் வட்டை நகலெடுத்துக் கொடுக்க யாரும் தயங்குவார்கள். விலையையும் குறைக்கலாம். 9 பேர் 25 வெள்ளி கொடுத்ததால் அந்த அண்ணனுக்குக் கிடைத்தது 225 வெள்ளி. 40 பேரும் 10 வெள்ளி கொடுத்திருந்தால் 400 வெள்ளி. நடனப் பள்ளியே அதைக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கித் தந்திருக்கலாம்.

நமக்கும் பங்கு உண்டு. விலை அதிகம் என்று பட்டால் நேரில் கேட்டுப் பார்க்கலாம். பேசாமல் நகலெடுப்பதுதான் தவறு. "நான் விற்கவில்லையே, சும்மாதானே கொடுத்தேன்" என்று அன்று நானும் சொன்னேன். சும்மா கொடுத்தது என் பொருளல்ல, அவருடைய உழைப்பு.

முதல் சம்பளம் வாங்கியதும் மூன்று நகலுக்கான 75 வெள்ளியை எடுத்துக்கொண்டு அந்தக் கடையைத் தேடிப் போனேன். அங்கே இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். அண்ணன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் பள்ளி விழாவையும் யாரோ ஓர் அண்ணன் படம் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்றால், அவருடைய வட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள்.