அவள் இல்லாமல் நடக்கும் பஞ்சாயத்து

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21). நாடு தழுவிய அளவு 29. பெண் கல்வியில் முன்னே நிற்கும் மாநிலத்துக்கு இது பெரிய தலைகுனிவு. இந்திய அளவில் அடிபட்ட பெண்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்கள் யாரிடமும் வாய்திறக்கவே இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

வெட்கம் மட்டுமே இந்த மௌனத்துக்குக் காரணமல்ல. வாய்திறந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஷரீஃபா கானம் கை வைத்தது இந்த இடத்தில்தான். பள்ளிவாசல் ஜமாத்தில் குடும்ப வழக்கு பேசப்படும். உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அடி வாங்கியவளுக்காக அப்பாவோ அண்ணனோ பேசுவார். அவள் வெளியே நிற்பாள். முடிவு மட்டும் அவளிடம் வந்து சேரும். இதற்கு மாற்றாகத்தான் 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் ஜமாத் உருவானது. மனு கொடுத்த பெண்ணையே பேசவைத்து, கணவர் வீட்டாரையும் வரவழைத்து விசாரித்தார்கள். தீபா தன்ராஜின் 2011ஆம் ஆண்டு ஆவணப்படம் அதைப் பதிவு செய்திருக்கிறது.

இதை ஒரு மதத்தின் குறையாகப் பார்த்து ஒதுங்கிவிட முடியாது. சாதிப் பஞ்சாயத்தும் ஊர்ப் பெரியவர்களின் சமரசப் பேச்சும் இப்படித்தான் நடக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தால் சைக்கிள் பழகியும், கல்குவாரிகளைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்தும் நாட்டுக்கே வழிகாட்டியவர்கள் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள். ஊர் அவர்களுக்குச் சாலையை விட்டுக்கொடுத்தது. பஞ்சாயத்துத் திண்ணையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

'புருஷன் பொண்டாட்டி சண்டையில் நமக்கென்ன' என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கை வீங்கிய பெண் நடவுக்குப் போக முடியாது. ஊரக வேலைத் திட்டக் கூலியும் போகும். மகளிர் குழுத் தவணை நாளில் அவள் பங்கு குறைந்தால், மற்ற உறுப்பினர்கள் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். வைத்தியத்துக்குத் தோடு அடகுக்குப் போகும். அம்மா பிறந்த வீட்டுக்குப் போனால் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும். ஒருவன் ஓங்கிய கைக்குப் பத்து வீடுகள் விலை கொடுக்கின்றன.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவர் வீட்டிலேயே வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. மனு கொடுத்தால் முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள். முடிவுக்கு 60 நாள் இலக்கு. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடியிலோ விராலிமலையிலோ அடிபட்டவள் முதலில் போய் நிற்பது நீதிமன்றத்தில் அல்ல. ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும்தான். அங்கே 'அனுசரிச்சுப் போம்மா' என்று சொல்லி எழுதி வாங்கி அனுப்பிவிட்டால், சட்டம் அவளை எட்டுவதே இல்லை.

ஆகவே அந்த முதல் வாசல்தான் மாற வேண்டும். பாதிக்கப்பட்டவள் நேரில் பேசாத, பெண்கள் உட்காராத எந்தச் சமாதானத்தையும் காவல் நிலையம் ஏற்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் குறித்த நாளில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வந்து மனு வாங்க வேண்டும். 181 மகளிர் உதவி எண் ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிக்கூட வாசலிலும் எழுதப்பட வேண்டும். ஊராட்சித் தலைவராகப் பெண்களை உட்காரவைத்த மாநிலம் இது. குடும்ப வழக்குப் பேசும் இடத்திலும் அவர்களை உட்காரவைப்பது அரசால் முடியாத காரியமல்ல.