இரண்டேகால் கோடியும் இடது மூலையும்

இலக்கியம் பேசும் இடத்தில் கபடி எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கள்ளக்குறிச்சியில் வாழ்ந்துகொண்டு, தை பிறந்ததும் ஊருக்கு ஊர் விளக்குக் கட்டி விடிய விடிய நடக்கும் ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு, கபடியைப் பற்றி எழுதாமல் இருப்பதுதான் செயற்கை என்பது நம் எண்ணம். அதிலும், தமிழின் பெயரைத் தாங்கிய ஓர் அணி தோற்ற கையோடு ஏலத்துக்குப் போய் ஒரு பெரிய பெயரை வாங்கி வருவதும், மறுநாளே நம் மாணவர்கள் “இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் ஐயா” என்று வகுப்பு வாசலில் வந்து நிற்பதும் வாடிக்கையாகிவிட்ட பிறகு வாய்மூடி இருக்க இயலவில்லை.

தமிழ் தலைவாஸ் புரோ கபடி லீகில் நுழைந்தது 2017இல். புகழ்பெற்ற ரைடரான அஜய் தாக்கூரின் தலைமையில் இறங்கி, தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. 2018இலும் கடைசி. 2019இல் ராகுல் சௌத்ரியையும் சேர்த்துக்கொண்டார்கள். மஞ்சீத் சில்லரும் உடனிருந்தார். பெயர்ப்பட்டியலை வாசித்தாலே எதிரணிக்கு வியர்த்திருக்கவேண்டும். கிடைத்ததோ பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாம் இடம்.

2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் தரப்படாத விலை. அந்த ஆண்டு ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்குமாகச் செலவிட அனுமதிக்கப்பட்ட தொகை 4 கோடியே 40 லட்சம். அதாவது எழுவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்கே பாதிக்கு மேல். அக்டோபரில் குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே அவர் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பிறகு அத்தொடரில் ஆடவேயில்லை. அந்தத் தொடரில்தான் தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியைக் கண்டது! ‘புதிய இளம் வீரர்’ திட்டத்தின்கீழ் வந்த நரேந்தர், தன் முதல் தொடரிலேயே 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். பின்வரிசையில் சாகரும் சாஹில் குலியாவும் மூலைகளைக் காத்தார்கள்.

காயம் ஒரு விபத்து, அதை வைத்து வாதம் செய்வது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2023இல் அதே பவனை, அதைவிடவும் அதிகமாக, 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் வாங்கியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமையேற்றுத் தங்கம் வென்றிருந்தார் அவர். இம்முறை காயம் குறுக்கிடவில்லை. 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. மீண்டும் கடைசி இடம். பவன் செராவத்தின் ஆற்றலில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவரை வாங்கியவர்களின் அறிவில்தான் ஐயம்.

ஆட்டத்தின் விதியே இதைச் சொல்லித்தரும். பாடிச் சென்று பிடிபட்ட வீரர் வெளியே உட்கார வேண்டும். தன் அணியினர் எதிரணியில் ஒருவரையாவது வெளியேற்றினால்தான் அவர் உயிர்பெற்றுத் திரும்ப முடியும். எத்தனை கோடி ரைடரானாலும் அவரை மீட்டுக் களத்துக்கு அழைத்து வருவது பெரும்பாலும் பெயர் தெரியாத மூலைக்காரனின் கணுக்கால் பிடிதான். அந்தப் பிடி இல்லாத அணியில் நட்சத்திரம் என்ன செய்யும்? பெஞ்சில் அமர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும். தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றாரே, அவர் ரைடரல்லர், மூலையில் நின்று பிடிப்பவர். தமிழ்நாட்டு ரசிகனுக்கே இது மறந்துபோனது வேதனை.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயரிட்ட அமெரிக்காவில் ஏலம் இல்லை. கடைசி இடம் பெற்ற அணிக்குப் புது வீரர்களுள் முதல் தேர்வு தரப்படும். அந்த முறையை முன்மொழிந்தவர் பெர்ட் பெல், தோற்றுக்கொண்டிருந்த பிலடெல்பியா அணியின் உரிமையாளர். 1936இல் நடந்த முதல் தேர்வில் முதல் ஆளாக அவர் அணி எடுத்த ஜே பெர்வாங்கர், தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. பிற்காலத்தில் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்னும் இரு அறிஞர்கள் இந்தத் தேர்வுகளை ஆராய்ந்து, முதல் இடங்களில் எடுக்கப்படுபவர்களுக்கு அவர்களின் பயனை மீறிய விலை தரப்படுகிறது என்று காட்டினார்கள். ஒரு வீரர், அவர் ஆடும் அதே இடத்துக்கு அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு 52 விழுக்காடுதானாம். ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போலத்தான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தோற்றவனின் சாபம்’. 2000ஆம் ஆண்டு 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு கோப்பைகள் வென்ற கதையை அந்நாட்டுப் பிள்ளைகள் பாடமாகவே சொல்கிறார்கள்.

தமிழ் தலைவாஸ் நிருவாகமோ தன் சொந்த அனுபவத்தையே படிக்கவில்லை. 2023இல் இளைஞர்களை நம்பி ஆடி ஒன்பதாம் இடம் கிடைத்ததும் பொறுமை போயிற்று. 2024இல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு வாங்கினார்கள். மறுபடியும் ஒன்பதாம் இடம். இரண்டு கோடிக்கு மேல் கொட்டியும் அணி ஓரிடம்கூட நகரவில்லை.

நம் மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் மரபில் தேர்வண்மலையன் என்றொருவன். போரில் வென்ற மன்னனும் தோற்ற மன்னனும் ஒருசேர, முடிவுக்குக் காரணம் இவனே என்றார்களாம், புறநானூறு பேசுகிறது. ஏலக்காரர்களுக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும். ஆனால் மலையன் தனியாளாகப் போய் நிற்கவில்லை. அவன் பின்னால் ஒரு படையும் ஒரு நாடும் இருந்தன. தோற்கும் அணி முதலில் கேட்கவேண்டியது யாரை வாங்கலாம் என்பதன்று. எந்த மூலையில் புள்ளி ஒழுகுகிறது என்பது. அதற்கு விடை ஏல அரங்கில் கிடைக்காது. தை மாதத்தில் சின்னசேலத்துக்கும் சங்கராபுரத்துக்கும் வந்து, இரவு இரண்டு மணி ஆட்டத்தைத் தரையில் அமர்ந்து பார்க்க வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நமக்கும் இதில் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றும் கல்லூரி மண்டலப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டாமல் இருந்தபோது, வேற்று மாவட்டத்து ரைடர் ஒருவனை விளையாட்டு ஒதுக்கீட்டில் அழைத்து வந்தோம். அவனுக்கு விடுதியில் தனி உணவு, புதுக் காலணி. பன்னிருவர் பட்டியலில் அவனைச் சேர்க்க ஒரு பெயரை நீக்கவேண்டியிருந்தது. வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து வந்து நம் துறையில் படித்த மலையாளி இனத்து மாணவன் ஒருவன், இரண்டாண்டாக இடது மூலையில் நின்றவன். அதிகம் பேசமாட்டான், கணுக்காலைப் பிடித்தால் விடவும் மாட்டான். அவன் பெயரை நீக்கினோம். பட்டியலில் நாமும் கையொப்பமிட்டோம்.

முதல் சுற்றிலேயே தோற்றோம். நம் நட்சத்திரம் பாதி ஆட்டத்தைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தான். எதிரணியின் ரைடர்கள் இடது மூலையில் வந்து தொட்டுத் தொட்டுப் போனார்கள். அடுத்த பருவத்தில் மலைப்பையன் கல்லூரிக்கு வரவில்லை. கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போய்விட்டதாக அவன் ஊர்க்காரப் பையன் சொன்னான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வருகைப்பதிவேட்டில் அவன் பெயரின்மீது சிவப்பு மையால் கோடிட்டதும் நாம்தான்.